ஆறு பேர் ஏறிய விமானம்

ஏரோப்ளேன்ல போயிருக்கியளா தம்பி? பெருசு இல்ல. அதுல இப்ப எல்லாரும்தான் போறாவ. நான் சொல்லுதது சின்னது. நம்ம மினி பஸ்ஸுல பாதிதான் இருக்கும். உள்ள நிமிந்து நிக்க முடியாது, குனிஞ்சுக்கிட்டே போய் உக்காரணும். அதுல நான் போயிருக்கேன், அதுவும் கடல் மேல. தென்காசி பஜார்ல பாத்திரக்கடை வச்சிருக்கவன்ல வேற எவன் போயிருக்கான், சொல்லுங்க பாப்போம்.

போய்ச் சேரல. அது வேற விசயம்.

நீங்க எங்க இறங்கணும்? திருநெல்வேலியா? அப்ப நேரம் கிடக்கு. நான் அங்க இறங்கி பாளையங்கோட்டைக்கு வேற பஸ் மாறணும். என் கூடப் பிறந்த தங்கச்சி வீடு அங்கதான் இருக்கு. செண்பகவல்லின்னு பேரு. நாளைக்கு அவ மகனுக்கு வருசாந்திரம். ஒரே மகன். செத்து ஒரு வருசம் ஆயிட்டு. ஊரையெல்லாம் கூப்பிட்டிருக்கா, என்னைக் கூப்பிடல. நான் அவனுக்குத் தாய்மாமன். சரி, துக்கத்துல மறந்திருப்பான்னு வச்சுக்கிடுவோம். ஆனா அந்த ஏரோப்ளேனை ஓட்டுன பொம்பளைப் புள்ள இருக்கே, அதைக் கூப்பிட்டிருக்கா. அது மெட்ராஸ்ல இருந்து ரயிலேறி வருதாம். அவ பக்கத்து வீட்டுக்காரர் போன்ல சொன்னாரு, எனக்கு அப்படியே வயிறு எரிஞ்சு போச்சு. நடுக்கடல்ல வண்டியைத் திருப்புனவளுக்கு இலை போடுவா, எனக்குப் போட மாட்டாளாம். இதை யாருகிட்ட போய்ச் சொல்ல?

அதான் கூப்பிடாமலே போறேன். போய் வாசல்ல நிப்பேன். வெளிய போன்னு சொல்லட்டும் பாப்போம்.

இருங்க, மொதல்ல இருந்து சொல்லுதேன். அப்பதான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும்.

போன வருசம் மெட்ராஸ்ல மேடவாக்கத்துல என் மகன் வீடு கட்டிப் பால் காய்ச்சுனான். சொந்தம் பூரா அங்க வந்திருந்தாவ. தங்கச்சியும் வந்திருந்தா. அவ வீட்டுக்காரர் இறந்து ரொம்ப வருசம் ஆச்சு. தையல் மிசினை மிதிச்சு மிதிச்சே அந்தப் பயலை இஞ்சினியருக்குப் படிக்க வச்சா. இசக்கிராஜுன்னு பேரு, ராஜுன்னு கூப்பிடுவோம். அந்தமான்ல போர்ட் பிளேர்ல ஒரு கட்டடக் கம்பெனியில வேலை. தை மாசம் கல்யாணம் வச்சிருந்தோம். பொண்ணு வீட்டுக்காரங்களும் பால் காய்ச்சுக்கு வந்திருந்தாவ.

காலைல பந்தியில இட்லி ஓடிக்கிட்டு இருக்கு. தங்கச்சிதான் சாம்பார் வாளியோட நின்னா. அப்ப போன் வந்துது. ராஜு போன பைக் மேல லாரி ஏறிட்டு. ஆஸ்பத்திரியில கிடக்கான், அப்பப்ப நினைவு வந்து வந்து போகுது, உடனே வாங்கன்னு அவன் கூட்டாளிப் பையன் சொல்லுதான். டாக்டர்கிட்ட குடுக்கச் சொன்னோம். நாளைக்கு வரைக்கும் என்னால உறுதி சொல்ல முடியாதுன்னுட்டாரு.

அவ வாளியைக் கீழ வச்சா. அழல. என்னைத்தான் பாத்தா. "அண்ணே, என்னை எப்படியாச்சும் அங்க கொண்டுபோய்ச் சேத்துரு"ன்னா. அவ வாழ்க்கையில என்கிட்ட ஒண்ணும் கேட்டதே இல்ல தம்பி. வீட்டுக்காரர் செத்தப்பக்கூட கேட்டதில்ல.

அன்னைக்குப் போற ப்ளேனெல்லாம் போயிருச்சு, இனி நாளைக் காலைலதான்னு சொல்லிட்டாவ. நான் விட்டுருவேனா? என் மகன் அங்க இங்க போனைப் போட்டு வாடகை ப்ளேன் விடுத கம்பெனி ஒண்ணைப் பிடிச்சான். நான் கொண்டான்னு சொன்னேன். எவ்வளவுன்னு நான் கேக்கவும் இல்ல, அவ கிட்ட சொல்லவும் இல்ல. அதுக்கெல்லாம் கணக்குப் பாக்குத ஆளு நான் இல்ல.

ஏர்போர்ட்டுல பெரிய கூட்டத்துக்கு ஒரு வாசல், இதுக்கு வேற வாசல். அங்க நிக்கா அந்தப் புள்ள. கேப்டன் ரெஜினாவாம். வெள்ளைச் சட்டை, தோள்ல பட்டை, முப்பது வயசுக்கு மேல மதிக்க முடியாது. நான் ஓட்டுதவர் எங்கம்மான்னு கேட்டேன். நான்தான் சார்னு சொல்லுது. கூட ஒரு பையன் இருந்தான், சரி, அவன்தான் ஓட்டுவான், இது பேச்சுக்குன்னு நினைச்சுக்கிட்டேன். கடைசியில பாத்தா இதுதான் பெரிய ஆளு, அவன் கையாளு.

"எத்தனை பேர் சார் வர்றீங்க?"ன்னு கேட்டுது. ஆறு பேருன்னேன். அது மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு. "போன்ல ரெண்டு பேர்னு சொன்னாங்களே?"ங்குது.

ரெண்டு பேரு எப்படி தம்பி போக முடியும்? நீங்களே சொல்லுங்க. தங்கச்சி. அவளைத் தனியா அனுப்ப முடியாதுல்லா, அதனால நான். நான் போனா என் வீட்டுக்காரி வரணும், இவளுக்கு ஒத்தாசைக்கு ஒரு பொம்பளை வேண்டாமா? அப்பன் வழியில ஒருத்தர் இல்லாம போனா நாளைக்கு ஒரு பேச்சு வரும். அதனால தங்கச்சி கொழுந்தன் குத்தாலிங்கம். அவரு ஏற்கெனவே நிச்சயதார்த்தத்துல சந்தனம் முதல்ல எனக்கு நீட்டலன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தவரு. அப்பறம் சம்மந்தி. பொண்ணைக் குடுக்கப் போறவரு, மாப்பிள்ளை இந்த நிலைமையில கிடக்கையில வரலைன்னா நல்லாவா இருக்கும்? அவரு வந்தா சம்மந்தி அம்மா. ஆறு. இதுல யாரை விட? ஒருத்தரைக் கழிச்சுக் காட்டுங்க பாப்போம். நான் அஞ்சு நிமிசத்துல எல்லாரையும் அனுசரிச்சு, ஒருத்தர் மனசும் கோணாம ஏற்பாடு பண்ணிட்டேன். அந்த நேரத்துல வேற எவனாலயும் முடியாது.

அந்தப் பொண்ணு? கல்யாணப் பொண்ணா? அதுவும் வாறேன்னு அழுதுது. கல்யாணத்துக்கு முந்தி எப்படி அனுப்புறது? நாலு பேரு நாலு விதமா பேசுவான். வீட்டுல இருன்னுட்டோம்.

கேப்டன் புள்ள என்னைத் தனியா கூப்பிட்டுது. கையில பெரிய போன் மாதிரி ஒண்ணு, அதுல கடல் தெரியுது, நீலமா. "சார், கடலுக்கு நடுவுல நாம இறங்க இடம் கிடையாது. இங்க ஊத்துறதுதான் கடைசி வரைக்கும்"னு ஆரம்பிச்சுது. அதுல ஊத்துறது பெட்ரோல்கூட இல்லையாம் தம்பி, மண்ணெண்ணெய் ஜாதியாம். இந்த ப்ளேன் இவ்வளவு எடையோடதான் எந்திரிக்கும்னு ஒரு கணக்கு இருக்காம். ஆள் ஏறுனா எண்ணெயைக் குறைக்கணும், எண்ணெயை ரொப்புனா ஆளைக் குறைக்கணும். ரெண்டும் சேந்து முடியாதாம்.

"ரெண்டு பேர்னா டேங்கை ரொப்பிட்டுப் போவேன் சார். எதிர்காத்து எவ்வளவு அடிச்சாலும் கொண்டுபோய்ச் சேர்த்திருவேன். அங்க மழைன்னா சுத்திக்கிட்டு நின்னு இறங்கவும் மிச்சம் இருக்கும். ஆறு பேர்னா, காத்து இப்ப சொல்ற மாதிரி இருந்தாத்தான் போய்ச் சேரலாம். அதைவிடக் கூடுச்சுன்னா பாதியில திரும்பிருவேன்"னு சொல்லி அந்த நீலத்துல ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டுச்சு. அந்த இடம் வரைக்கும் போவாளாம். அங்க போய்க் கணக்குப் பாப்பாளாம். அதைத் தாண்டிட்டா திரும்ப முடியாது, போயே ஆகணுமாம். கடல்ல போய்ப் புள்ளி வைக்கா பாத்துக்கிடுங்க.

நான் சொன்னேன், "ஏம்மா, நான் வெங்கலத்தையும் பித்தளையையும் எடைக்கு விக்கிறவன். ஒரு பொருளைக் கையில தூக்குனா எத்தனை கிலோன்னு சொல்லிருவேன். நாலு ஆள் கூடக் குறைய ஏறுறதுல ஒண்ணும் ஆயிராது. காத்தெல்லாம் சாமி பாத்துக்கிடும், நீ வண்டியை எடு." அது கேக்கல. எல்லாரும் தராசுல ஏறணும்னுட்டு. துக்கத்துல நிக்கிற பொம்பளைகளைத் தராசுல ஏத்துவாங்களா? ஏறவிட மாட்டேன்னுட்டேன். நானே ஒவ்வொருத்தர் எடையும் சொன்னேன், கொஞ்சம் முன்னப்பின்ன கௌரவமாத்தான் சொன்னேன். அது என்ன பண்ணுச்சு தெரியுமா, நான் சொன்னதுக்கு மேல மேல கூட்டி எழுதிக்கிட்டே வந்துது. என் வீட்டுக்காரிக்கு அது எழுதுனதைப் பாத்து எனக்கே கோவம் வந்துட்டு.

கடைசியில, "அந்த அம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லட்டுமா சார்? பாதியில திரும்ப வேண்டி வரலாம்னு அவங்களுக்குத் தெரியணும்"னு கேட்டுது. வேண்டாம்னேன். அவளே அரை உசுரா நிக்கா, அவ கிட்ட போய்ப் பாதியில திரும்புவோம்னு அபசகுனமா பேசவா? நான் மூத்தவன், நான் சொன்னா போதும்னேன். அது தரையைப் பாத்துக்கிட்டே சரி சார்னு போயிட்டு. என் தங்கச்சி மனசு நோகக் கூடாதுன்னு நான் எவ்வளவு பாத்தேன், பாருங்க.

கிளம்புனோம். தங்கச்சி முன் சீட்டுல, கேப்டனுக்கு நேர் பின்னால. நடுவுல கதவெல்லாம் கிடையாது, ஒரு திரைதான், அதுவும் திறந்து கிடந்துது. கரை போனதும் கீழ கடல், கடல், ஒரே கடல். குத்தாலிங்கம் கண்ணை மூடிக்கிட்டாரு. சம்மந்தி அம்மாவுக்கு வாந்தி. தங்கச்சி மட்டும் கண்ணாடி வழியா முன்னாலயே பாத்துக்கிட்டு இருந்தா. அவ உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துது. இசக்கியம்மனைக் கூப்பிட்டிருப்பா.

ரொம்ப நேரம் போனோம். அந்தப் புள்ளையும் பையனும் கடிகாரத்தைப் பாக்குததும், எழுதுததும், ஒருத்தருக்கொருத்தர் ஏதோ சொல்லுததுமா இருந்தாவ. எனக்கு அப்பவே சந்தேகம். அது திரும்பிப் பாத்துது. தங்கச்சியைத்தான் பாத்துது, என்னை இல்ல.

"அம்மா, எதிர்காத்து சொன்னதைவிட ரொம்பக் கூட இருக்கு. இப்படியே போனா கரைக்கு முன்னாடி ஃப்யூல் தீர்ந்திரும். என்னை மன்னிச்சிருங்கம்மா. நான் திரும்புறேன்"னு சொல்லுச்சு.

நான் எந்திரிச்சுட்டேன். மண்டை மேல இடிச்சுது. "ஏய், திருப்பாத! பெத்தவ உக்காந்திருக்கா!"ன்னு கத்துனேன். ப்ளேன் சரிஞ்சு திரும்புது தம்பி. சூரியன் இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போகுது. தங்கச்சி கத்தல. அவ சீட்டைப் பிடிச்சுக்கிட்டு முன்னால குனிஞ்சு கேட்டா, "தாயி, ஏன் கொஞ்சமா ஊத்துன? ரொப்பி எடுத்திருக்கலாம்லா?"

அது கடிகாரத்தைப் பாத்துது. மறுபடி கேட்டா. "ஆள் அதிகம்மா"ன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான். பட்டுன்னு முன்னால திரும்பிக்கிட்டு.

அதுக்குப் பெறகு மெட்ராஸ் வரைக்கும் என் தங்கச்சி பின்னால திரும்பவே இல்ல. நாங்க அஞ்சு பேரும் பின்னாலதான் இருந்தோம். ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்தேன். எஞ்சின் சத்தத்துல கேக்கலை போல.

இறங்குன உடனே நான் முதல் வேலையா என்ன கேட்டேன் தெரியுமா? டேங்க்ல இன்னும் எண்ணெய் இருக்கான்னு கேட்டேன். அந்தப் பையன் இருக்குன்னான். விடுவேனா? "எண்ணெயை வச்சுக்கிட்டே திரும்பியிருக்கா பாருங்க!"ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டேன். வரும்போது காத்து பின்னால இருந்து தள்ளுச்சு சார், அதான் மிச்சம், எதிர்க்கப் போயிருந்தா அது காணாதுன்னு அந்தப் பையன் என்னமோ சொன்னான். போகும்போது ஒரு காத்து, வரும்போது ஒரு காத்தா? யாருகிட்ட காது குத்துதான்! அந்தக் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். அவன் விசாரிச்சுட்டு, கேப்டன் செஞ்சதுதான் சரின்னு பதில் போடுதான். அவன் ஆளை அவன் விட்டுக் குடுப்பானா?

இதுல இன்னொண்ணு கேளுங்க. நான் அங்க சத்தம் போட்டுக்கிட்டு இருக்கேன், தங்கச்சி எங்கன்னு பாக்கேன், அவ அந்தப் புள்ள கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. "இப்ப ரொப்பு தாயி. நான் ஒருத்தி மட்டும் வாறேன். யாரும் வேண்டாம். என்னை மட்டும் கொண்டுபோய் விட்டுரு"ங்கா. அந்தப் புள்ள போன் மேல போன் போட்டுது. யார் யார்கிட்டயோ கெஞ்சுச்சு. அங்க நம்ம ஊரைவிடச் சீக்கிரம் இருட்டிருமாம். போய்ச் சேரையில இருட்டாயிரும், ராத்திரி இறங்க அனுமதி கிடைக்காதுன்னுட்டாவ. அந்தப் புள்ள போனை வச்சுட்டு அழுதுட்டு. என் தங்கச்சி அதைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டா. பெத்த மகன் அங்க கிடக்கான், இவ இங்க அவளைத் தட்டிக் குடுக்கா. எனக்கு ஒண்ணுமே விளங்கல. என்கிட்ட வந்து அழ வேண்டியவ.

பொழுது சாயுத நேரத்துல போன் வந்துது. முடிஞ்சிட்டு.

அந்தக் கூட்டாளிப் பையன் சொன்னான், மத்தியானம் ராஜு கொஞ்ச நேரம் கண்ணு முழிச்சானாம். அம்மா எங்கன்னு கேட்டிருக்கான். ப்ளேன்ல வந்துக்கிட்டு இருக்காவ, கடல் மேல வந்தாச்சுன்னு இவன் சொல்லியிருக்கான். அதுக்கு அவன், "தனியாவா வாறா? அவளுக்குப் பயமா இருக்குமே"ன்னானாம். அதான் கடைசியாப் பேசுனது.

பாத்தியளா தம்பி? அவனே கேட்டிருக்கான், தனியாவான்னு. அப்ப நான் கூட ஆள் கூட்டிக்கிட்டுப் போனது சரிதானே? இதை நான் தங்கச்சிகிட்ட எத்தனையோ தடவை சொல்லப் பாத்தேன். என் நம்பரைப் பாத்தாலே எடுக்க மாட்டேங்கா. வீட்டுக்காரிகிட்ட சொன்னேன், அவ என்னன்னா, "நான் வராம இருந்திருக்கணும்ங்க. நாம யாருமே வந்திருக்கக் கூடாது"ன்னு பொசுக்குன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. இவளும் இப்ப ஒரு வருசமா சரியா பேசுறதில்ல. ராத்திரி எந்திரிச்சு உக்காந்திருக்கா. நான் ஒருத்தன்தான் இந்தக் குடும்பத்தை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கேன். எனக்கு மட்டும் தூக்கம் வருதாக்கும்? தூக்கி வளத்த பய தம்பி அவன். என் தோள்ல உக்காந்து தேர் பாத்தவன். கடைக்கு வந்தா அத்தனை பாத்திரத்தையும் தட்டித் தட்டிப் பாப்பான். நான் அவனுக்குக் கெட்டது நினைப்பேனா?

இல்ல, அழல. இந்தக் காத்து கண்ணுல அடிக்கு.

யாரோ அவ மனசைக் கெடுத்திருக்காவ. அதுதான் என் முடிவு. ஏன்னா, அவளுக்கு அன்னைக்கு என் மேல கோவமே கிடையாது. அதுக்குச் சாட்சி இருக்கு. மறுநாள் காலைல பெரிய ப்ளேன்ல ஆறு பேரும் போனோம். எல்லாருக்கும் சீட்டு கிடைச்சுது. ஆஸ்பத்திரியில பின்னால ஒரு ரூம்ல அவனை வச்சிருந்தாவ. அவதான் முதல்ல உள்ள போனா. ரொம்ப நேரம் கழிச்சு வெளிய வந்தா. வந்து கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு ஓரமா நின்னா. எங்களை ஒவ்வொருத்தரா பாத்தா. குத்தாலிங்கத்தை, சம்மந்தியை, சம்மந்தி அம்மாவை, என் வீட்டுக்காரியை. கடைசியில என்னைப் பாத்துக் கேட்டா:

"ஒருத்தரும் விட்டுப் போகலல்ல அண்ணே? எல்லாரும் வந்தாச்சுல்லா? போய்ப் பாருங்க."

பெத்த மகனைப் பறிகுடுத்துட்டு நிக்கா, அப்பவும் வந்த சொந்தக்காரங்களை விசாரிக்கா. என் தங்கச்சி அப்படி. என் மேல கோவம் இருந்தா அப்படிக் கேப்பாளா தம்பி? நீங்க படிச்சவுக, சொல்லுங்க. கேப்பாளா?